அத்திசாரி பற்றி ஒரு திருத்தம்

தம்பி, இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்து உள்நாட்டுப் போரையும் பின்லாந்தின் முன்னாள் அதிபர் அத்திசாரியையும் பற்றி, "சுனாமியால் ஆச்சேயில் சண்டை தானாக ஓய்ந்தது, மார்ட்டி அத்திசாரி கையெழுத்து மட்டும் வாங்கி நோபல் பெற்றார்" என்று எழுதியிருக்கிறீர்கள். தவறு. அதே சுனாமி அடித்த இலங்கையில் போர் மறுபடி மூண்டதே! அத்திசாரி நடுவராக இருந்து பின்லாந்துத் தலைநகர் ஹெல்சிங்கியில் 2005 ஜனவரி முதல் ஜூலை வரை ஐந்து சுற்றுப் பேச்சு. ஆகஸ்ட் 15இல் ஒப்பந்தம். அதன் உயிர்நாடி வரிசைமுறைதான்: தனிநாடு கேட்ட ஆச்சே கிளர்ச்சிப் படை 840 ஆயுதங்களை நான்கு கட்டமாக ஒப்படைக்க, ஈடுக்கு ஈடாக இந்தோனேசிய ராணுவமும் கட்டங்கட்டமாக விலகியது. வாங்கிய துப்பாக்கிகளை ஐரோப்பிய, ஆசியான் கண்காணிப்பாளர்கள் அறுத்தே அழித்தார்கள். ஒரு தரப்பு முதலிலேயே எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால், மறுதரப்பை வாக்குத் தவறாமல் நிறுத்திவைக்கப் பிடி இருக்காது. அவர் பெற்ற 2008 அமைதி நோபலும் ஆச்சேக்கு மட்டும் அல்ல. நமீபிய விடுதலைப் பணியும் அதில் சேர்த்தி. (அங்கே ஐ.நா. படைத்தளபதி நம் நாட்டு ஜெனரல் பிரேம் சந்த்!) மதுரை கலைஞர் நூலகத்தில் தேர்வுக்குக் குறிப்பெடுக்கும் பிள்ளைகள் இதைத் திருத்திக்கொள்ளுங்கள்.