வாய்தா வாங்கட்டும், உங்களுக்கு என்ன போகிறது?

அந்த மீமை மறுபடி இங்கே போட்டு அதற்கு இன்னும் நாலு பேரைச் சேர்த்துவிடப் போவதில்லை. பார்க்க வேண்டியவர்கள் எல்லாரும் பார்த்தாயிற்று. கூண்டில் ராக்கெட் நிற்கிறது, நீதிபதி அடுத்த தேதி கொடுக்கிறார், கீழே "வாய்தா வாங்குவதில் உலக சாதனை: ககன்யான்". இந்தியர்களை நம் ராக்கெட்டிலேயே விண்வெளிக்கு அனுப்பும் இஸ்ரோ திட்டம் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது என்பதற்கான கேலி. படம் என்னவோ நன்றாகத்தான் இருந்தது. கமெண்ட்களைப் படித்த பிறகுதான் எரிச்சல் வந்தது. நானும் சும்மா இருக்காமல் இரண்டு வரி எழுதினேன். மனிதர் ஏறுகிற வண்டி, நிதானமாகத்தான் செய்வார்கள் என்று. வந்த பதில் இது: "சார், நீங்க ரிட்டயர்ட் இன்ஸ்பெக்டர். உங்க கண்ணுக்கு எல்லாத்துலயும் ஓட்டைதான் தெரியும்." அதற்கு ஏகப்பட்ட ஹாஹா. அந்த ஹாஹாக்களில் எனக்குத் தெரிந்த முகங்களும் இருந்தன. சரி, இருக்கட்டும்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். செயற்கைக்கோளைத் தூக்கிப் போகிற ராக்கெட் வேறு, ஆளை உட்கார வைத்து அனுப்புகிற ராக்கெட் வேறு. இரண்டாவதில் "இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்ல ஓர் ஆள் இருக்க வேண்டும், அவர் சொன்னால் மற்றவர்கள் நிறுத்த வேண்டும். அந்த வேலையில் பாதி இதுதான். இதைக் கேலி செய்தால் அந்த ஆளின் வாயைத்தான் அடைக்கிறீர்கள்.

சும்மா பேசவில்லை. 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்ணோடமும் இப்படித்தான் தேதி தேதியாகத் தள்ளிக்கொண்டு வந்தது. 27ஆம் தேதி ஏழு பேரும் ஏறி உட்கார்ந்தும் விட்டார்கள். கதவின் வெளியே மாட்டியிருந்த கைப்பிடியைக் கழற்ற முடியாமல் ஒரு போல்ட் சிக்கிக்கொண்டது. அதை ஒருவழியாக எடுப்பதற்குள் காற்று பலமாகிவிட்டது. ரத்து. அன்று மாலை சி.பி.எஸ். தொலைக்காட்சிச் செய்தியில் டான் ராதர், இன்னொரு தாமதம், இன்னொரு தண்டச் செலவு, இன்னொரு தலைகுனிவு என்கிற பாணியில் நக்கலடித்தார். அப்போது மீம் கிடையாது, டிவி இருந்தது.

அதே இரவு தொலைபேசியில் ஒரு கூட்டம். விண்ணோடத்தைத் தூக்கிவிடும் பக்கவாட்டு ராக்கெட்டுகளை, அதாவது பூஸ்டர்களைச் செய்து கொடுத்த மார்ட்டன் தயோக்கால் நிறுவனத்தின் பொறியாளர்கள், நாளைக்குக் குளிர் அதிகம், ஏவாதீர்கள் என்றார்கள். பூஸ்டரின் துண்டுகள் ஒன்றோடொன்று சேரும் இடத்தில் ரப்பர் வளையம் இருக்கும். குளிரில் அது விறைத்துப்போய், உடனே விரிந்து இடைவெளியை அடைக்காது. சுமார் 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் வேண்டாம் என்பது அவர்கள் கணக்கு. அதற்கு நாசா தரப்பில் லாரன்ஸ் மல்லாய் கேட்டது: "கடவுளே, தயோக்கால், எப்போதுதான் ஏவச் சொல்கிறீர்கள், அடுத்த ஏப்ரலிலா?"

நண்பர்களே, இந்தக் கேள்விக்கும் உங்கள் வாய்தா மீமுக்கும் என்ன வித்தியாசம்? நிஜமாகத்தான் கேட்கிறேன்.

அப்புறம் நடந்தது தெரிந்த கதை. தயோக்காலின் மேலதிகாரி ஒருவர் தன் பொறியியல் தலைவரிடம், இன்ஜினியர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேனேஜர் தொப்பியைப் போடு என்றார். அவர் போட்டுக்கொண்டார். ஏவுதளத்தில் இருந்த தயோக்கால் பொறியாளர் ஆலன் மெக்டொனால்டு மட்டும் கையெழுத்துப் போட மறுத்தார். அதனால் என்ன, வேறொருவர் போட்டு ஃபேக்ஸ் அனுப்பினார். மறுநாள் காலை ஏவுகோபுரத்தில் பனிக்கட்டி விழுது விழுதாகத் தொங்கியது. புறப்பட்டு 73 நொடி. ஏழு பேரும் போனார்கள், அதில் ஒருவர் பள்ளிக்கூட ஆசிரியை. இனி "இன்னொரு தாமதம்" என்று யாரும் சிரிக்க முடியாது. அடுத்த விண்ணோடம் கிளம்பியது 1988 செப்டம்பரில்.

டான் ராதர் கொன்றார் என்று நான் சொல்லவில்லை. சொல்லாததைச் சொன்னதாகக் கமெண்டில் ஆரம்பிக்காதீர்கள். ஊரே சிரிக்கும்போது "வேண்டாம்" என்று சொல்பவனின் குரல் கொஞ்சம் இறங்கும், அவ்வளவுதான் சொல்கிறேன்.

அடுத்தது, நமக்கு நெருக்கமான கதை. ஒவ்வொரு பிப்ரவரி 1ஆம் தேதியும் கல்பனா சாவ்லா படத்தைப் போட்டு மெழுகுவர்த்தி வைப்பீர்கள், இல்லையா? அவர் உயிரைப் பறித்த கொலம்பியா விண்ணோட விபத்தின் விசாரணை அறிக்கையில் ஒரு விஷயம் வருகிறது. விண்வெளி நிலையத்துக்கு அடுத்த பெரிய பாகத்தை அனுப்ப 2004 பிப்ரவரி 19 என்று கெடு வைத்திருந்தார்கள். அதற்கு இன்னும் எத்தனை நாள், மணி, நிமிடம், நொடி என்று எண்ணிக்கொண்டே இருக்கும் ஸ்கிரீன்சேவரை நாசா மேலாளர்களுக்கு அனுப்பி வைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் திரையில் கடிகாரம் இறங்கும். 2003 ஜனவரியில் கொலம்பியா கிளம்பும்போது நுரைத் துண்டு ஒன்று பிய்ந்து இடது இறக்கையில் அடித்தது. பொறியாளர்கள் அந்த இடத்தைப் படமெடுத்துப் பார்க்கலாம் என்று கேட்டார்கள். மேலே இருந்தவர்கள் அக்கறை காட்டவில்லை. இப்போது சொல்லுங்கள், கல்பனாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிற அதே கை ககன்யானுக்கு வாய்தா மீமை ஷேர் செய்யலாமா? செய்கிறதே. பெயர் சொல்ல மாட்டேன்.

2023 அக்டோபர் 21 காலை, ககன்யானின் முதல் தப்பித்தல் சோதனை, அதாவது ஆபத்து வந்தால் ஆள் இருக்கும் கலத்தை ராக்கெட்டிலிருந்து பிரித்துக் காப்பாற்றுகிற அமைப்பின் சோதனை. எட்டு மணிக்கு என்றார்கள், எட்டே முக்கால் ஆயிற்று. கவுன்ட் டவுன் ஐந்து நொடிக்கு வந்ததும் கம்ப்யூட்டர் நிறுத்திவிட்டது. எங்கள் வீட்டில் அம்மா, "என்னடா, ராகு காலமா?" என்றார். சனிக்கிழமை, ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலம்தான், அதை ஏன் அவரிடம் சொல்வானேன். அன்றைக்கும் வாட்ஸ்அப்பில் "அவ்வளவுதானா?" என்று ஆரம்பித்துவிட்டார்கள். என்ன என்று கண்டுபிடித்துச் சரிசெய்து, பத்து மணிக்கு அது பறந்தது. தப்பித்தல் அமைப்பு கலத்தைப் பிரித்து எடுத்தது, பாராசூட் விரிந்தது, கடலில் இறங்கியது. அந்த ஐந்து நொடி நிறுத்தத்துக்குத்தான் நான் டிவி முன்னால் கை தட்டினேன். ராக்கெட் கிளம்பியபோது கூட அவ்வளவு தட்டவில்லை.

இன்னும் கேளுங்கள். மகேந்திரகிரி இஸ்ரோ மையத்தில், நம் திருநெல்வேலிப் பக்கம்தான், ககன்யான் ராக்கெட்டின் சி.இ.20 கிரையோஜெனிக் இன்ஜினை (கடுங்குளிரில் திரவமாக்கிய எரிபொருளில் ஓடுவது) மனிதப் பயணத்துக்குத் தகுதியாக்க நாலு இன்ஜின்களை வைத்து 39 முறை எரித்துப் பார்த்தார்கள். விதிப்படி குறைந்தது 6,350 நொடி எரித்தால் போதும். இவர்கள் எரித்தது 8,810 நொடி. அந்த உபரி 2,460 நொடியையும் சேர்த்துத்தான் நீங்கள் வாய்தா என்கிறீர்கள்.

இனி வரப்போகிற கேள்விகள். "ஸ்பேஸ்எக்ஸ் வெடிக்க விட்டு வேகமாகக் கற்றுக்கொள்கிறதே?" ஆமாம், ஆள் இல்லாத ஸ்டார்ஷிப்பில். ஆள் ஏறுகிற டிராகனில் அவர்கள் எப்படி என்று பாருங்கள். 2019 ஏப்ரலில் தரையில் சோதனை நடத்தும்போது ஒரு டிராகன் வெடித்தது, உள்ளே யாரும் இல்லை. ஒரு வால்வில் கசிந்திருந்த திரவம்தான் காரணம் என்று பிடித்து, அந்த இடத்தையே மாற்றி அமைத்து, அடுத்த ஆண்டு மே மாதம்தான் ஆளை ஏற்றினார்கள். அந்த மே 27 அன்றும் அமெரிக்க ஜனாதிபதி நேரில் வந்து உட்கார்ந்திருக்கிறார், கடைசி 17 நிமிடத்துக்குள் வந்தாயிற்று, வானிலை சரியில்லை என்று நிறுத்திவிட்டார்கள். ஜனாதிபதி வீட்டுக்குப் போனார். மூன்று நாள் கழித்து ஏவினார்கள். எலான் மஸ்க்கை எடுத்துக்காட்டாகச் சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

"ஸ்டார்லைனர் ஆளில்லாமல் பத்திரமாகத்தானே இறங்கியது, சுனிதாவை ஒன்பது மாதம் உட்கார வைத்தது வெட்டிப் பயம்தானே?" இந்தக் கேள்விதான் எனக்கு அதிகக் கோபம் வரவழைப்பது. சுனிதா வில்லியம்ஸை 2024இல் ஏற்றிப்போன போயிங் நிறுவனத்தின் கலம் அது. விண்வெளி நிலையத்தை நெருங்கும்போது 28 உந்திகளில் ஐந்து செயலிழந்தன. ஹீலியமும் கசிந்தது. அதனால்தான் அவரை நிலையத்திலேயே விட்டுவிட்டுக் கலத்தை ஆளில்லாமல் இறக்கினார்கள். நல்லபடியாக இறங்கியது என்று இறங்கிய பிறகுதான் தெரியும், முடிவெடுக்க வேண்டியது அதற்கு முன்னால். ஹெல்மெட் போட்டுக்கொண்டு போய் விபத்தில்லாமல் வீடு வந்து சேர்ந்தவன் ஹெல்மெட் தண்டம் என்கிற மாதிரி இருக்கிறது இந்தப் பேச்சு.

தடுத்த விபத்துக்குச் சாட்சி கிடையாது. இதுதான் சிக்கலே. ஆனால் ஒரு தடவை சாட்சி கிடைத்தது. 1967 ஏப்ரல் 23, சோவியத்தின் சோயுஸ் 1. விளாதிமிர் கொமரோவ் தனியாகப் போனார். மறுநாள் சோயுஸ் 2இல் பைகோவ்ஸ்கி, யெலிசெயெவ், க்ருனோவ் என்று மூன்று பேர் போய் அவரோடு இணைய வேண்டும், இரண்டு பேர் வெளியே மிதந்து அந்தக் கலத்துக்கு மாற வேண்டும். திட்டம் அது. அதற்கு முன்னால் ஆளில்லாமல் அனுப்பிப் பார்த்த சோதனைகளே சரியாக வரவில்லை, இருந்தும் கிளப்பிவிட்டார்கள். மேலே போனதும் சோயுஸ் 1இன் சூரியத் தகடு ஒன்று விரியவில்லை, தொல்லைக்கு மேல் தொல்லை. சோயுஸ் 2 ரத்து. கொமரோவ் திரும்பும்போது முதன்மைப் பாராசூட் வெளியே வரவே இல்லை. மாற்றுப் பாராசூட் சிக்கிக்கொண்டது. தரையில் மோதி இறந்தார். ஏவாமல் நிறுத்திய சோயுஸ் 2இலும் அதே பாராசூட் அமைப்புதான் இருந்தது. அந்த மூன்று பேரும் பிழைத்தார்கள். யெலிசெயெவும் க்ருனோவும் 1969 ஜனவரியில் அதே மிதந்து மாறும் வேலையைச் செய்து முடித்தார்கள். ஒரு ரத்து, மூன்று உயிர். இதற்கு யாராவது சிலை வைத்தார்களா?

"2022 என்று 2018இல் சொன்னது யார்? இப்போது 2027 என்கிறார்களே?" சொன்னார்கள். சொல்லியிருக்கக் கூடாது. அது அரசியல் மேடைக்கு வைத்த தேதி, பட்டறைக்காரன் வைத்ததில்லை. நடுவில் கொரோனா வந்தது. கலத்துக்குள் மூச்சுக்காற்று, சூடு, ஈரம் எல்லாம் பார்த்துக்கொள்ளும் அமைப்பை வெளிநாட்டில் கேட்டும் யாரும் தரவில்லை, நாமே செய்ய வேண்டியதாயிற்று என்று சோமநாத் இஸ்ரோ தலைவராக இருந்தபோதே சொன்னார். ஏன் தாமதம் என்பதை இஸ்ரோ இன்னும் வெளிப்படையாக, மாதாமாதம் சொல்லலாம், அந்தக் குறை எனக்கும் உண்டு. பணம் தண்டம் என்பவர்களோடு இன்னொரு நாள் சண்டை போடுகிறேன், இன்றைக்குத் தெம்பில்லை.

ஓட்டைதான் தெரியும் என்றாரே, அதற்கு வருகிறேன். ஆமாம், தெரியும். அதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அழுத்தக் கலன்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வெல்டிங் சரிபார்க்கிற வேலை. பற்றவைத்த இடத்தில் சிவப்புச் சாயத்தைத் தெளித்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, சுத்தமாகத் துடைத்து, மேலே வெள்ளைப் பவுடரை ஸ்பிரே செய்வோம். விரிசல் இருந்தால் அந்த வெள்ளையில் மெல்லிசாக ஒரு சிவப்புக் கோடு கசிந்து வரும். வெறும் கண்ணுக்கு அந்த இடம் பளபளவென்று புதுசாக இருக்கும்.

ஒரு மாசக் கடைசி. லாரி வாசலில் நிற்கிறது, அன்றைக்கு டிஸ்பேட்ச் ஆனால்தான் கணக்கில் சேரும். எனக்கு ஒரு நாஸில் (குழாய் சேரும் வாய்) பக்கத்தில் விரல் நகம் நீளத்துக்குச் சிவப்புக் கோடு. கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். மேலாளர் முதலில் தோளில் கை போட்டுப் பேசினார், அப்புறம் எல்லார் முன்னாலும், "இவருக்கு மட்டும் எப்படிய்யா தெரியுது, நமக்கெல்லாம் கண்ணு இல்லையா?" என்றார். மொத்த ஷாப்பும் சிரித்தது. லாரி காலியாகப் போனது. தோண்டிப் பார்த்தால் விரிசல் உள்ளே இன்னும் நீளமாக இருந்தது, அரைத்தெடுத்து மறுபடி பற்றவைத்தார்கள். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இல்லை, கொஞ்ச நாளில் ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். போல்ட் எண்ணிக்கொண்டு இருந்தேன். அந்தக் கலன் இன்றைக்கும் எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கும்.

மெக்டொனால்டுக்கும் இதே கதிதான். விசாரணைக் குழு முன்னால் உண்மையைச் சொன்னதற்கு அவருடைய நிறுவனம் அவரை ஓரங்கட்டியது. அமெரிக்க நாடாளுமன்றத்தில் பிரச்சினை கிளம்பிய பிறகு பதவியைத் திருப்பிக் கொடுத்து, அதே பூஸ்டர் இணைப்பைத் திருத்தி வடிவமைக்கிற பொறுப்பையும் அவரிடமே கொடுத்தார்கள். எனக்கு நாடாளுமன்றம் எல்லாம் வரவில்லை. யூனியன்காரர் கூட வரவில்லை.

அதனால்தான் அந்த ஹாஹா வலித்தது. விண்வெளிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலோ மகேந்திரகிரியிலோ இந்த நேரத்தில் ஒருத்தரோ ஒருத்தியோ ஏதோ ஒரு சீல் வளையத்தைப் பார்த்துவிட்டு, இது சரியில்லை, நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். அந்த ஆளின் போனிலும் உங்கள் மீம் வந்திருக்கும். ஏறப்போகிறவர்களாக அறிவித்த நால்வரில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். அவர் வீட்டில் யாராவது இந்த வாய்தா ஜோக்குக்குச் சிரிப்பார்களா என்று ஒரு தடவை யோசித்துவிட்டு ஷேர் பட்டனை அழுத்துங்கள்.

"அப்போ எப்போதான் சார் போவாங்க?" என்று கேட்கப் போகிறவர்களுக்கு: எல்லாக் கையெழுத்தும் விழுந்த பிறகு. "நீங்க எந்தக் கட்சி?" என்று இன்பாக்ஸில் கேட்ட மூவருக்கும் பதில் கிடையாது. ஹாஹா போட்ட என் பழைய ஷாப் ஆட்கள் இரண்டு பேர் மட்டும் போன் பண்ணுங்கள், நம்பர் அதேதான். அந்த லாரி அன்றைக்கு ஏன் காலியாகப் போனது என்று உங்களுக்குத் தெரியும்.