என்ஃபீல்ட் வயலில் வீடு கட்டினால் என் வாடகை குறையுமா?

"உனக்கு வீடு இருக்கு, அதால மரம் செடி எண்டு கதைக்கிறாய்." பசுமை வளையத்தில் (நகரத்தைச் சுற்றிக் கட்டடம் எழும்பாமல் காக்கும் நிலத்தில்) வீடு கட்டக்கூடாது என்று லண்டனில் எங்கள் ஆட்களிடம் சொன்னால் முதலில் வரும் பதில் இதுதான். எனக்கு வீடு இல்லை. வாடகைக்குத்தான் இருக்கிறேன். சம்பளத்தில் பாதி மாதாமாதம் வீட்டுக்காரரிடம் போகிறது. அதனால் வீடே வேண்டாம் என்று சொல்ல எனக்குப் பைத்தியமா? க்ரூஸ் ஹில்லில் கட்டப்போகும் வீடுகள் என்னைப் போன்றவர்களுக்கு இல்லை என்பதுதான் என் வாதம்.

இடம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். வட லண்டனில் உள்ள என்ஃபீல்டின் வட கோடியில், எம்25 நெடுஞ்சாலைக்கு உள்பக்கமாக இருக்கிறது க்ரூஸ் ஹில். சின்ன ரயில் நிலையம், குதிரை லாயங்கள், வயல்கள், வரிசையாக நாற்றுப்பண்ணைகள். குளிரில் கறிவேப்பிலைக் கன்றைச் சாகக் கொடுத்துவிட்டு, வசந்தம் வந்ததும் சட்டியும் மண்ணும் வாங்க இங்கே ஓடாத தமிழ்க் குடும்பம் வட லண்டனில் குறைவு. இதையும் பக்கத்தில் சேஸ் பார்க் என்று பெயர் வைத்திருக்கும் வயல்களையும் சேர்த்து, 21,000 வீடுகள் வரை கட்டலாம் என்று 2025 செப்டம்பரில் அரசின் புதுநகரங்கள் குழு பரிந்துரைத்தது. இங்கிலாந்து முழுக்க அது சொன்னது மொத்தம் 12 இடங்கள். அவற்றில் முந்திக்கொள்ளக்கூடிய மூன்றில் ஒன்றாக அரசு க்ரூஸ் ஹில்லைச் சொன்னது.

லண்டன் கட்டுக்கடங்காமல் விரிவதைத் தடுக்க 1938இல் பசுமை வளையச் சட்டம் வந்தது. 1955இல் அதே ஏற்பாட்டை மற்ற ஊர்களுக்கும் விரித்தார்கள். இன்று இங்கிலாந்து நிலப்பரப்பில் எட்டில் ஒரு பங்கு பசுமை வளையம். எல்லாமே சொர்க்கம் என்று நான் சொல்ல மாட்டேன். கோல்ஃப் மைதானமும் இருக்கிறது, வேலி போட்டு யாரையும் உள்ளே விடாத தனியார் காணியும் இருக்கிறது. 2024 டிசம்பரில் பசுமை வளையத்தில் கட்டுவது பற்றிய விதிகளை அரசு மாற்றியபோது முன்னால் காட்டியதெல்லாம் பாழடைந்த பெட்ரோல் நிலையங்களும் வாகனத் தரிப்பிடங்களும்தான். "இதையா காப்பாற்றப் போகிறீர்கள்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் விதியைப் படித்துப் பாருங்கள். பசுமை வளையத்துக்குள் இருந்தாலும் வீடு கட்ட எளிதாக விடக்கூடிய 'சாம்பல் வளையம்' என்று ஒரு நிலத்தைத் தள்ளிவிடுவதற்கு அது நகரம் பரவுவதைத் தடுக்கிறதா, ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்கிறதா, பழைய நகரங்களின் சூழலைக் காக்கிறதா என்று மூன்றைத்தான் பார்க்கிறார்கள். நாட்டுப்புறத்தைக் காப்பது என்ற நோக்கம் அந்தச் சோதனையில் இல்லை. ஆக, இதுவரை ஒரு செங்கல்கூட விழாத வயலும் அந்தக் கணக்கில் வந்துவிடலாம்.

சரி, வயல் போனால் போகட்டும், வீடாவது மலிவாகக் கிடைக்குமா? என் கோபம் இங்கேதான் தொடங்குகிறது.

பெரிய காணிகளில் வீடு கட்டுவது ஏன் இவ்வளவு மந்தமாக நடக்கிறது என்று 2018இல் ஆலிவர் லெட்வின் ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார். அவர் கன்சர்வேட்டிவ் கட்சிக்காரர், மரத்தைக் கட்டிப்பிடிக்கிற ஆள் இல்லை. அவர் கண்டது: அந்த வட்டாரத்தில் விலை விழாத வேகத்தில்தான் கம்பெனிகள் வீடுகளை விற்பனைக்கு விடுகின்றன. அவர் பார்த்த பெரிய திட்டங்கள் கட்டி முடிய நடுத்தரமாக 15 வருடத்துக்கு மேல். 2024இல் சந்தைப் போட்டியைக் கண்காணிக்கும் போட்டி ஆணையமும் இதே பாட்டைத்தான் பாடியது. அப்படியென்றால் 21,000 வீட்டுக்கு அனுமதி கொடுத்தாலும் விலையை இறக்குமளவுக்கு அவை ஒருபோதும் சந்தைக்கு வராது. அனுமதி கிடைத்தும் கட்டப்படாத வீடுகள் 11 இலட்சத்துக்கு மேல் என்று உள்ளாட்சிகளின் சங்கம் 2021இலேயே சொல்லியிருந்தது. கேட்டவர் யார்?

"மலிவு வீடு 50 விழுக்காடு வரை வரும்" என்பார்கள். அந்த 'மலிவு வாடகை' என்பது சந்தை வாடகையில் 80 விழுக்காடு வரை போகலாம். லண்டன் வாடகையில் 80 விழுக்காடு எவ்வளவு என்று வாடகை கட்டுகிற யாரிடமும் கேளுங்கள்.

இன்னொரு வேடிக்கை. இதே என்ஃபீல்டின் தெற்கே மெரிடியன் வாட்டர் இருக்கிறது. பழைய தொழிற்சாலை நிலம். என்ஃபீல்ட் கவுன்சிலே (உள்ளாட்சி மன்றமே) காணியை வாங்கி வைத்திருக்கிறது. 2019இல் ரயில் நிலையமும் திறந்தாயிற்று. 10,000 வீடுகள் என்றார்கள். இதுவரை எழும்பியது அதில் சிறு பங்குதான். காணியும் ரயிலும் கையில் இருக்கிற இடத்தில் கட்டி முடிக்க முடியாதவர்கள், பஸ்கூட ஒழுங்காக வராத வயலில் இரண்டு மடங்கு கட்டுவார்களாம்! சோற்றுப் பானை அடுப்பில் வேகாமல் கிடக்க, அடுத்த வீட்டுக்காரர்களையும் விருந்துக்குக் கூப்பிடுகிற கதை.

பசுமை வளையத்தை எந்தக் காலத்திலும் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. போருக்குப் பின் ஸ்டீவனேஜ், ஹார்லோ நகரங்களைக் கட்டியபோது, அரசு நிலத்தைக் கிட்டத்தட்ட விவசாய விலைக்கே வாங்கியது. அதனால்தான் சாதாரணத் தொழிலாளிக்கு வாடகைக்கு வீடு கொடுக்க முடிந்தது. இப்போதோ அனுமதிக் கடிதம் வந்த அன்றே வயலின் விலை பல மடங்கு ஏறுகிறது. அந்த லாபம் காணிக்காரருக்கும், பல வருடம் முன்பே ஒப்பந்தம் போட்டு வைத்தவர்களுக்கும் போகிறது. எதிர்கால மதிப்பைக் கணக்கில் சேர்க்காமல் நிலத்தைக் கையகப்படுத்த, சில வகைத் திட்டங்களுக்கு 2023ஆம் ஆண்டுச் சட்டம் வழி விட்டிருக்கிறது. விவசாய விலைக்கு வாங்கி, முழுக்கக் கவுன்சில் வீடாகக் கட்டுகிறோம் என்று யாராவது சொல்லட்டும், நான் பேசத் தயார். அப்படி ஒன்றை இதுவரை யாரும் என் முன்னால் வைக்கவில்லை.

கடைசியாக, ஆட்சேபம் எழுதப்போகிற நம் ஆட்களுக்கு ஒரு விஷயம். 'எங்கள் ஜன்னலில் இருந்து பார்க்கும் காட்சி போய்விடும்', 'எங்கள் வீட்டு விலை இறங்கும்' என்று எழுதாதீர்கள். திட்டமிடல் சட்டத்தில் இரண்டையும் கணக்கில் எடுக்க மாட்டார்கள். சாலை நெரிசல், மழைநீர் வடிகால், ஜிபி (குடும்ப மருத்துவர்), பள்ளி இடங்கள் பற்றி எழுதுங்கள். மெரிடியன் வாட்டர் எப்போது முடியும் என்று கேளுங்கள். கட்டாயம் உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள், ஒரே கடிதத்தை நூறு பேர் வெட்டி ஒட்டி அனுப்பினால் அதற்குப் பெரிதாக மதிப்பு இருக்காது. ஆங்கிலம் சிரமம் என்றால் எனக்கு இன்பாக்ஸில் எழுதுங்கள், சேர்ந்து எழுதலாம்.