கிராஞ்சித் தூண்களும் நான்கு இனங்களும்

சிங்கப்பூரின் கிராஞ்சி போர் நினைவகத்தின் தூண்கள் நம் நான்கு இனங்களைக் குறிப்பதாக ஒருவர் எழுதியிருக்கிறார். அது தவறு. நான்கு தூண்கள் நிற்பது பீச் ரோட்டில். 1967இல் திறந்த அந்தச் சின்னம் இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் ஆண்ட காலத்தில் மாண்ட பொதுமக்களுக்கானது. சீனர், மலாய்க்காரர், இந்தியர், யூரேசியர் என்ற பொருள் அதற்குத்தான். அதன் அடியில் அடையாளம் தெரியாதவர்களின் எச்சங்கள் உள்ளன.

கிராஞ்சி ராணுவத்தினருக்கானது. அணிவகுத்து நடக்கும் தரைப்படை போல் தூண்வரிசை, விமானச் சிறகாகக் கூரை, உச்சியில் நீர்மூழ்கிக் கப்பலின் கோபுரம்: முப்படையும் ஒரே கட்டடத்தில். கல்லறை தெரியாத 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அந்தத் தூண் சுவர்களில் இருக்கின்றன. இந்தியப் படையினரும் ஏராளம். நம் பிள்ளைகளுக்கு அதைக் கட்டாயம் காட்டுங்கள். இரண்டையும் தயவுசெய்து குழப்ப வேண்டாம்.