தோவாளையும் தோவாளையும் வேறு வேறாம்!

ஓணம் நெருங்கும் வேளையில், பூக்கணக்கில் தோவாளைக்கு நேரே மட்டும் வெற்றுக் கட்டம் வந்தால் எரிச்சல் வருமா வராதா?

தரவைக் குறிச்சொற்களிட்டு வைக்கும் எக்ஸ்எம்எல் கோப்பு ஒன்றில் வியாபாரிகளின் கொள்முதல். இன்னொன்றில் ஊர்வாரியாக வண்டி வாடகை. இரண்டிலும் 'ஊர்' என்று ஒரு பண்புக்கூறு. அது பொருந்தும் இடத்தில் வாடகையை எடுத்துப் பட்டியலில் வைக்க வேண்டும், அவ்வளவுதான், எக்ஸ்எம்எல்லை வேறு வடிவுக்கு மாற்றும் எக்ஸ்எஸ்எல்டி மொழிக்கு நான் கொடுத்த வேலை. தக்கலைக்கு வாடகை வருகிறது. குளச்சலுக்கும் மார்த்தாண்டத்துக்கும் வருகிறது. தோவாளை, நாகர்கோவில், கொல்லங்கோடு மூன்றுக்கும் ஒன்றுமில்லை. பிழைச் செய்தியாவது காட்டித் தொலைக்கக் கூடாதா? காட்டாது. தேடியது கிடைக்காவிட்டால் வெறுங்கையை நீட்டுவது, எக்ஸ்எஸ்எல்டிக்குள் இருந்து தேடித்தரும் எக்ஸ்பாத்துக்குப் பிழையே அல்ல. கல்லுளிமங்கன்!

"ரெண்டும் ஒரே ஊர்தானே மக்களே, கண்ணுக்குத் தெரிகிறதே" என்கிறார் முதலாளி. கண்ணுக்குத் தெரிகிறது ஐயா, கணினிக்குத் தெரியவில்லை! ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம். கொம்பு தனி, கால் தனி என இரண்டாகவும் சேமிக்கலாம். ஒகரக் குறிக்கும் இதே கதைதான். ஒரு கோப்பில் ஒரு வடிவம், மற்றதில் இன்னொன்று. இரண்டு வடிவமும் சமம் என்று, எழுத்துகளுக்குக் குறியீடு வகுக்கும் யூனிகோடே சொல்கிறது. எக்ஸ்பாத்தோ குறியீடுகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, வேறு வேறு என்று கைவிரிக்கிறது. ஒகர ஓகாரக் குறி இல்லாத தக்கலை தப்பித்தது.

இதைச் சரிசெய்ய, இரு வடிவங்களையும் ஒன்றாக்கும் நார்மலைஸ்-யூனிகோட் என்ற செயற்கூறு இருக்கிறது. ஆனால் அது எக்ஸ்எஸ்எல்டியின் 2007இல் வந்த இரண்டாம் பதிப்போடுதான் கிடைக்கும். எங்கள் அலுவலகத்தில் ஓடுவது 1999ஆம் ஆண்டின் முதல் பதிப்பு! அதிலுள்ள டிரான்ஸ்லேட் என்ற செயற்கூறு எழுத்துக்கு எழுத்து மாற்றுமே தவிர, இரண்டைச் சேர்த்து ஒன்றாக்காது. ஒரு காலையும் கொம்பையும் ஒட்டவைக்க, தன்னைத்தானே அழைக்கும் டெம்ப்ளேட் என்னும் நிரல்துண்டு ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஊருக்கு ஓர் எண் கொடுத்திருந்தால் இத்தனை வம்பும் இல்லை. கேட்டால், "பெயர்தான் இருக்கிறதே, எண் எதற்கு?" என்கிறார்கள் கோப்பை அனுப்புகிறவர்கள். போதாக்குறைக்கு, இன்று வந்த கோப்பில் குளச்சலுக்குப் பின்னால் யாரோ ஓர் இடைவெளியையும் தட்டி அனுப்பியிருக்கிறார்கள். நல்லவேளை, அதை வெட்டியெறியும் நார்மலைஸ்-ஸ்பேஸ் முதல் பதிப்பிலேயே இருக்கிறது.