மாடலுக்கு ஒரு கட்டணமா?

ஜாவா என்ற நிரல்மொழியில் ஒருமுறை எழுதினால் எங்கும் ஓடும் என்றார்கள். 2006-இல் செல்போனுக்கு ஒரு சின்ன செயலி எழுதியபோதுதான் வேதனை புரிந்தது. ஒரு போனின் திரை 128×128, இன்னொன்று 176×208, மற்றொன்று 240×320. சரி, படங்களை மாற்றி வரைந்துவிடலாம். ஆனால் செயலி நம்பகமானது என்று போனுக்குக் காட்டும் சான்றிதழுக்கு எங்கே போவது? அந்தச் சான்றிதழால் மின்னணுக் கையொப்பமிடாத செயலி இணையத்தைத் தொட்டாலே போதும், "அனுமதிக்கலாமா?" என்று அன்றைய போன் கேட்கும். வாங்கியவர் பயந்துபோய் அழித்துவிடுவார்.

கையொப்பம் வேண்டுமென்றால், செயலியைச் சோதித்துப் பார்க்கும் சோதனைக்கூடத்துக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது. நாங்கள் போன இடத்தில் ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனியாக! ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினாலும் மறுபடி முதலிலிருந்து. ஒரே திரை, ஒரே மென்பொருள் தளம் உள்ள போன்களை ஒரு குடும்பமாகச் சேர்த்து, அதில் ஒன்றை மட்டும் சோதித்திருந்தால் போதாதா? மூன்று பேர் சேர்ந்து நடத்திய கடை எங்களுடையது. எங்கள் சம்பளத்தைவிடச் சோதனைச் செலவு அதிகம் என்றால் அது என்ன நியாயம்?