குழந்தைகளோடு விமானம் ஏறுகிறவர்களுக்கு: லிஸ்ட் கேட்காதீர்கள்

பிள்ளைகள் இரண்டு பேரையும் தனியாக அழைத்துக்கொண்டு ஃபிராங்க்ஃபர்ட் போய் வந்ததிலிருந்து, பெங்களூர் அல்சூரில் எங்கள் அப்பார்ட்மெண்ட்காரர்கள் லிஃப்டில் பிடித்து ஒரே கேள்வி கேட்கிறார்கள். "பத்து மணி நேரம் எப்படி சார் சமாளிச்சீங்க? என்னென்ன பொம்மை எடுத்துட்டுப் போனீங்க? லிஸ்ட் அனுப்புங்க." மகளுக்கு நான்கு வயது, மகனுக்கு ஒன்றரை. மனைவி வேலை விஷயமாக இரண்டு மாதம் அங்கே இருந்தாள், அதனால் இந்தப் பயணம்.

லிஸ்ட் இருந்தது. ஆபீஸ் நண்பர் எக்ஸெல் ஷீட்டே போட்டுக் கொடுத்தார். மணிக்கு ஒன்று என்று பத்துப் பொம்மை, ஒவ்வொன்றையும் கிஃப்ட் பேப்பரில் சுற்றி ஒளித்துவைத்து எடுக்க வேண்டுமாம். கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் 3,000 ரூபாய் போனது. சீட் பெல்ட் விளக்கு அணைவதற்குள் மகள் பையைக் கண்டுபிடித்துவிட்டாள். பத்தையும் பிரித்து, பொம்மைகளை என் மடியில் தள்ளிவிட்டு, பேப்பரை சர் சர்ரென்று கிழித்துக்கொண்டிருந்தாள். தம்பி அதில் கொஞ்சம் தின்றான்.

பத்து மணி நேரமும் பிள்ளைக்கு வேடிக்கை காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று நினைப்பதுதான் முதல் தப்பு. வீட்டில் அப்படியா செய்கிறோம்? பெங்களூரிலிருந்து ஐரோப்பா போகும் விமானங்கள் பலவும் நடுராத்திரி தாண்டித்தான் கிளம்புகின்றன. பெரியவர்கள் இதைச் சொல்லிப் புலம்புவார்கள். பிள்ளை வைத்திருப்பவனுக்கு அது வரம். இரண்டாம் டெர்மினலில் மூங்கிலையும் செடிகளையும் காட்டி, கால் வலிக்கும் வரை ஓடவிட்டேன். பாத்ரூமில் முகம் கழுவி, பல் தேய்த்து, இரவு உடை மாட்டினேன். குழந்தைகளோடு வருகிறவர்களை முதலில் ஏறச் சொல்லிக் கூப்பிடுவார்கள், நான் போகவில்லை. முன்னாடி ஏறினால் அந்தக் குறுகிய சீட்டில் கூடுதலாக அரை மணி நேரம் அல்லவா உட்கார வைக்க வேண்டும்! ஏறிய பிறகு, பொம்மைக் கூத்து ஓய்ந்ததும், இரண்டு பேரும் நான்கு மணி நேரம் தூங்கினார்கள். சின்னவன் என் மேல்தான். சுவரில் மாட்டும் தொட்டில் பல விமானங்களில் 10, 11 கிலோவோடு சரி. இவன் அதைத் தாண்டிவிட்டான்.

அத்தை ஒருத்தர் போன் போட்டு, "சளி மருந்து ஒரு மூடி கொடுத்துடு, ஊர் போற வரைக்கும் எழுந்திருக்காது" என்றார். டாக்டரிடம் கேட்டதற்குத் திட்டினார். தூக்கத்துக்காக அதையெல்லாம் கொடுக்கக் கூடாது, சில பிள்ளைகளுக்கு அது தலைகீழாக வேலை செய்து ஆட்டம் அதிகமாகிவிடும் என்றார். வேண்டவே வேண்டாம்.

விழித்த பிறகு மீதி நேரம் எப்படிப் போனது என்றால், முக்கால்வாசி பேச்சில் போனது. எதிரே திரையில் விமானம் நகரும் மேப் ஓடுகிறதே, அதை மகள் விடவே இல்லை. "கருங்கடல்னு சொன்னியேப்பா, ஏன் நீலமா இருக்கு?" இந்த ஒரு கேள்வியில் கால் மணி நேரம் ஓடியது. மூன்று பதில் சொல்லிப் பார்த்தேன், எதையும் அவள் ஒத்துக்கொள்ளவில்லை. அப்புறம் நம் வீட்டு மடி விளையாட்டுகள். உள்ளங்கையில் பருப்பு கடைந்து, விரல் விரலாகச் சோறு பங்கு வைத்து, கடைசியில் அக்குளில் நண்டு ஊரவிடுவோமே, அது! ஒரு மடியும் இரண்டு கையும் போதும், சத்தம் வராது, கீழே விழுந்து சீட்டுக்கடியில் உருளாது. அம்மா எனக்கு டவுன் பஸ்ஸில் செய்ததைத்தான் நான் இவனுக்குச் செய்தேன்.

டேப்லெட் கொடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். கொடுத்தேன். இரண்டிலிருந்து நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது எனக்கும் தெரியும். அன்றைக்கு நான் கடிகாரம் பார்க்கவில்லை. ஆனால் அதுவும் பெரிதாக உதவவில்லை. விமானத்தில் கொடுத்த ஹெட்போன் அவள் தலையில் நிற்காமல் வழிந்து, "பாட்டு கழுத்துல பாடுதுப்பா" என்று கழற்றிக் கொடுத்துவிட்டாள்.

தின்பண்டமும் ஒரு பொழுதுபோக்குதான். சின்ன எவர்சில்வர் டப்பாவில் பொரி போட்டுக் கொடுத்தால் பெரியவள் ஒவ்வொன்றாக எண்ணித் தின்பாள். சின்னவனுக்கு அதையோ கடலை வகையையோ கொடுக்காதீர்கள். புரையேறினால் அங்கே எந்த ஆஸ்பத்திரிக்கு ஓடுவது? அவனுக்கு இட்லித் துண்டு. இன்னொன்று, காது வலி பெரும்பாலும் இறங்கும்போதுதான் வரும். விமானத்துக்குள் காற்றழுத்தம் கிட்டத்தட்ட ஊட்டியில் இருக்கிற அளவுக்குத்தான் வைப்பார்கள், இறங்கும்போது அது கூடிக்கொண்டே வரும். தரை தொட அரை மணி நேரம் இருக்கும்போதே பிள்ளையை எழுப்பிப் பாலோ தண்ணீரோ கொடுத்துவிடுங்கள். விழுங்க விழுங்கக் காது திறந்துகொள்ளும்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு இன்னும் உறுத்துகிறது. போகும்போதும் வரும்போதும் எத்தனை பாராட்டு! "அப்பாவே தனியா ரெண்டையும் பார்த்துக்கிறாரே" என்று பக்கத்து சீட் பாட்டி பின்சீட்காரர்களிடமெல்லாம் சொன்னார். சின்னவன் இருபது நிமிடம் விடாமல் அழுதான், ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. போன வருடம் இதே வயதுப் பிள்ளையோடு தனியாகப் போன என் தங்கைக்குக் கிடைத்தது உச்சுக் கொட்டலும் "குழந்தையைக் கொஞ்சம் பாத்துக்கங்க மேடம்" என்பதும்தான். இப்போது சிலர் பக்கத்து சீட்காரர்களுக்குச் சாக்லேட்டும் காதடைப்பானும் வைத்து, பிள்ளை பெயரில் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுக்கிறார்கள். ஒன்றரை வயதுப் பிள்ளை அழும். அதற்கு எதற்கு மன்னிப்பு? நான் கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டேன்.

சரி, பொருள் என்று ஏதாவது ஒன்றாவது சொல்லியே ஆக வேண்டுமென்றால், பெயிண்டர்கள் ஓரத்தில் ஒட்டும் பேப்பர் டேப். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். சாப்பாட்டுத் தட்டுப் பலகையில் ரோடு போடலாம், விரலுக்கு மோதிரம் செய்யலாம், அப்பா மூக்கில் ஒட்டலாம், கறை இல்லாமல் உரிந்துவிடும். கையால் கிழிகிற ரகமாகப் பார்த்து வாங்குங்கள், கத்தரிக்கோல் கொண்டுபோனால் செக்யூரிட்டியில் வம்பு.