பறப்பதற்கு முன்பே கிடைத்துவிடும் படிப்பு

பள்ளிப் பிள்ளைகள் சீருடை அணிந்து விமானத்துறையின் அடிப்படைகளைக் கற்கும் விமான கேடட் பயிற்சியில் பிள்ளையைச் சேர்க்கலாமா என்று யாராவது கேட்டால், சுற்றி இருப்பவர்கள் பெரும்பாலும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். ஒழுக்கம் வரும், சான்றிதழ் கிடைக்கும், நாளைக்கு விமானப்படையில் சேர உதவும். எதுவும் பொய்யில்லை. ஆனாலும் இந்தப் பதிலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை. நான் கேடட்டாக இருந்தவன், பிறகு சின்னவர்களுக்குச் சொல்லித்தரும் இடத்திலும் நின்றவன். அங்கே ஒரு பிள்ளைக்குக் கிடைக்கும் பெரிய சொத்தை இந்தப் பதில் தொடவே இல்லை என்பது என் எண்ணம். விமானத்துறை தன் விபத்துகளிலிருந்து, எத்தனையோ உயிர்களைப் பறிகொடுத்துக் கற்றுக்கொண்ட சில வேலைப் பழக்கங்கள் உண்டு. அவை பதின்மூன்று, பதினான்கு வயதிலேயே அந்தப் பிள்ளையின் கைக்கு வந்துவிடுகின்றன. வேறு எந்தப் பள்ளியிலும் அந்த வயதில் அதைச் சொல்லித்தந்து நான் பார்த்ததில்லை.

கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

1935 அக்டோபர் 30. அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் உள்ள ரைட் ஃபீல்டில், போயிங் நிறுவனத்தின் மாடல் 299 என்ற நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானம் சோதனைக்காகக் கிளம்பியது. ஓட்டியவர் மேஜர் பிளோயர் ஹில், அனுபவசாலியான சோதனை விமானி. தரையை விட்டு எழும்பிய விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு செங்குத்தாக ஏறி, ஸ்டால் ஆகி, அதாவது இறக்கையின் தூக்குவிசையை இழந்து, விழுந்து எரிந்தது. ஹில்லும், உடன் இருந்த போயிங்கின் தலைமைச் சோதனை விமானி லெஸ்லி டவரும் உயிரிழந்தார்கள். விசாரித்தபோது எஞ்சினில் கோளாறு எதுவும் இல்லை. நிறுத்தி வைத்திருக்கும் விமானத்தின் வால் பகுதியும் சுக்கானும் காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு பூட்டுப் போடுவார்கள். அதை விடுவிக்காமலேயே கிளம்பிவிட்டார்கள்.

இவ்வளவு திறமையானவர்களே மறந்தால் என்ன செய்வது? இன்னும் திறமையான ஆளைத் தேடு என்று அவர்கள் முடிவு செய்யவில்லை. யாராக இருந்தாலும் மறப்பார்கள் என்று ஒப்புக்கொண்டு, விமானி கையில் ஒரு செக்லிஸ்டை, அதாவது வரிசையாகச் சரிபார்க்கும் பட்டியலை, கொடுத்தார்கள். அதே விமானம் பிற்பாடு பி-17 என்ற பெயரில் 12,000-க்கும் மேல் கட்டப்பட்டது. செக்லிஸ்ட் விமானத்துறை முழுவதற்கும் பரவியது. 2008-இல் உலக சுகாதார நிறுவனம் அறுவை சிகிச்சை அரங்குகளுக்கு 19 அம்சங்கள் கொண்ட ஒரு பட்டியலைக் கொண்டுவந்ததற்குப் பின்னாலும் இந்தச் சிந்தனைதான் இருக்கிறது.

இப்போது ஒரு கேடட்டை நினைத்துப் பாருங்கள். எஞ்சின் இல்லாத விமானமான கிளைடரில் ஏறுவதற்கு முன் அதைச் சுற்றி ஒருமுறை நடக்க வேண்டும். இறக்கையின் ஓரம், சுக்கான்களின் கீல்கள், சக்கரம், இணைப்பு ஊசிகள் என ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு உறுதி செய்ய வேண்டும். உட்கார்ந்த பிறகு பட்டியலை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "நேற்றே பார்த்தேனே சார்" என்ற பேச்சு அங்கே செல்லாது. மனப்பாடமாகத் தெரிந்தாலும் வரிசையை மாற்றக் கூடாது, பாதியில் யாராவது குறுக்கிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். தொடக்கத்தில் பிள்ளைகளுக்கு இது சலிப்பாகத்தான் இருக்கும். பிறகு ஒருநாள் அந்தப் பிள்ளை தேர்வுக் கூடத்திலும், ஆய்வகத்திலும், வீட்டில் எரிவாயு அடுப்பைத் திறக்கும்போதும் அதே போல நிதானமாகப் பார்க்கத் தொடங்கும். 'கவனமாக இரு' என்று நூறு முறை திட்டுகிறோமே, எப்படிக் கவனமாக இருப்பது என்று நாம் சொல்லித்தருவதில்லை. கேடட் பயிற்சியில் அதை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுக்கிறார்கள்.

அடுத்த விஷயம் எனக்கு இதைவிட முக்கியம். 1977 மார்ச் 27 அன்று கேனரி தீவுகளில் உள்ள டெனரீஃப் விமான நிலையத்தின் ஓடுபாதையில், மூடுபனிக்கு நடுவே இரண்டு போயிங் 747 விமானங்கள் மோதிக்கொண்டன. 583 பேர் இறந்தார்கள். மேலே எழும்ப ஓடத் தொடங்கிய கே.எல்.எம். விமானத்தின் கேப்டன் அந்த நிறுவனத்தின் மூத்த பயிற்சியாளர். எதிரே இருக்கும் விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்று அவருடைய ஃப்ளைட் எஞ்சினியர் சந்தேகத்துடன் கேட்டிருக்கிறார். விலகிவிட்டது என்று கேப்டன் உறுதியாகச் சொன்னதும் பேச்சு அங்கேயே நின்றுபோனது. சந்தேகம் சரியானது. சந்தேகப்பட்டவருக்கு மேலும் அழுத்திச் சொல்லத் தெம்பு இல்லை. அதன் பிறகுதான், காக்பிட்டில் இளையவர் எப்படிப் பேச வேண்டும், மூத்தவர் எப்படிக் கேட்க வேண்டும் என்பதையே ஒரு பாடமாக வைத்தது விமானத்துறை.

அந்தப் பாடத்தைக் கிளைடர் மைதானத்தில் ஒரு சின்னப் பிள்ளை எப்படிக் கற்கிறது தெரியுமா? கிளைடர் புறப்படும் நேரத்தில் இறக்கையின் நுனியைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்க வேண்டும். பல நேரம் அது ஒரு கேடட்தான். எங்காவது ஆபத்து தென்பட்டால், அது குறுக்கே வரும் இன்னொரு விமானமோ, சரியாக மூடாத காக்பிட் கண்ணாடியோ, எதுவாக இருந்தாலும் "ஸ்டாப்" என்று கத்த வேண்டும். யார் கத்தினாலும் புறப்பாடு நின்றாக வேண்டும். உள்ளே இருப்பவர் எவ்வளவு பெரிய விமானியாக இருந்தாலும் சரி. நிறுத்திய பிறகு ஒன்றும் இல்லை என்று தெரிந்தாலும் கத்தியவரை யாரும் திட்டக் கூடாது. நல்ல பயிற்சியாளர் என்றால் நன்றி சொல்வார். தன் குரலுக்குப் பெரியவர்களின் வேலையையே நிறுத்தும் உரிமை உண்டு என்று ஒரு பதின்மூன்று வயதுப் பெண் தெரிந்துகொள்கிறாள். அந்த உரிமையை விளையாட்டாகப் பயன்படுத்தக் கூடாது என்பதையும் சேர்த்தே தெரிந்துகொள்கிறாள். வகுப்பில் கை தூக்கவே பயப்பட்ட பிள்ளைகள் அந்த மைதானத்தில் அடிவயிற்றிலிருந்து குரல் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். இதற்கு ஈடாக எந்தச் சான்றிதழையும் என்னால் வைக்க முடியவில்லை.

சீருடை போட்டால் கீழ்ப்படிதல்தான் வரும், சுயசிந்தனை போய்விடும் என்று சொல்பவர்களுக்கு இதைத்தான் பதிலாகச் சொல்வேன். டிரில் மைதானத்தில் கட்டளைக்குக் கால் தூக்குகிற அதே பிள்ளைதான், ஓடுபாதை ஓரத்தில் கட்டளை போடுபவரையே நிறுத்தக் கற்கிறது. இரண்டும் ஒரே இடத்தில் கிடைப்பது அபூர்வம்.

பறப்பதைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியுமா? விமானத்தை இயக்கும் கைப்பிடியை முதல் முறை கொடுக்கும்போது பயிற்சியாளர் "யூ ஹேவ் கன்ட்ரோல்" என்பார், பிள்ளை "ஐ ஹேவ் கன்ட்ரோல்" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லும் வரை அவர் கையை எடுக்க மாட்டார். இந்த நொடியில் பொறுப்பு யாரிடம் இருக்கிறது என்பதில் துளியும் குழப்பம் இருக்கக் கூடாது. வீட்டிலும் அலுவலகத்திலும் எத்தனை காரியம் 'நீ பார்ப்பாய் என்று நினைத்தேன்' என்பதிலேயே கெட்டுப்போகிறது!

பெரும்பாலான பிள்ளைகள் முதலில் கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பார்கள். விமானம் அப்படியும் இப்படியும் ஆடும். இரண்டு விரலால் லேசாகப் பிடிக்கச் சொன்னதும் அது அமைதியாகும். அப்புறம் ஸ்டால் பயிற்சி. இறக்கை காற்றை எதிர்கொள்ளும் கோணம் ஓர் அளவைத் தாண்டினால், பல இறக்கைகளில் அது ஏறக்குறைய 15 டிகிரி, மேலே ஓடும் காற்று இறக்கையை விட்டுப் பிரிந்துவிடும். தூக்குவிசை சட்டென்று குறையும், விமானம் இறங்கும். கீழே போகிறோம் என்று தெரிந்ததும் உடம்பு கைப்பிடியை இழுத்து மூக்கைத் தூக்கப் பார்க்கும். இழுத்தால் நிலைமை மோசமாகும். மூக்கைத் தாழ்த்த வேண்டும், வேகம் வந்த பிறகுதான் மேலே வர வேண்டும். பயம் ஒன்றைச் செய்யச் சொல்லும்போது அதற்கு நேரெதிராக, அறிந்ததை நம்பிச் செய்வது அது. இயற்பியல் புத்தகத்தில் படித்த கோணமும் விசையும் அன்றைக்குப் பிள்ளையின் வயிற்றில் புரிகிறது. அதற்குப் பிறகு அந்தப் பாடத்தை மறக்கச் சொன்னாலும் மறக்காது.

இந்தப் பறக்கும் வாய்ப்பு நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்க விமானப்படையின் துணை அமைப்பான சிவில் ஏர் பேட்ரோலில் கேடட்டுகளுக்கு எஞ்சின் விமானத்தில் ஐந்து, கிளைடரில் ஐந்து என்று அறிமுகப் பயணங்கள் உண்டு. கனடாவில் கிளைடர் உரிமத்துக்கும் எஞ்சின் விமான உரிமத்துக்கும் போட்டி அடிப்படையில் உதவித்தொகை தருகிறார்கள். விண்வெளி வீரர் கிறிஸ் ஹாட்ஃபீல்ட் 15 வயதில் கிளைடர் உதவித்தொகையும் 16 வயதில் எஞ்சின் விமான உதவித்தொகையும் அங்கேதான் பெற்றார். இந்தியாவில் தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவு மைக்ரோலைட் என்ற மிக இலகுவான சிறு விமானங்களை வைத்திருக்கிறது. மாதிரி விமானங்களைச் செய்து பறக்கவிடும் ஏரோமாடலிங்கும் அங்கே முக்கியமான பயிற்சி. ஆனால் பிள்ளையிடம் 'சேர்ந்ததும் பறப்பாய்' என்று சத்தியம் செய்துவிடாதீர்கள். பிரிட்டனில் 2014-இல் விமானங்களின் பராமரிப்பு குறித்துச் சந்தேகம் எழுந்ததால் கேடட்டுகளின் கிளைடர் பயணங்களையே நிறுத்தி வைத்தார்கள், மீண்டும் முழுமூச்சாகத் தொடங்க ஆண்டுகள் பிடித்தன. பிள்ளைகளுக்கு அது பெரிய ஏமாற்றம். ஆனாலும் சந்தேகம் இருந்தால் பறக்காதே என்பதுதானே அங்கே முதல் பாடம்!

இந்த அமைப்புகளின் பிறப்பையும் மறைக்க வேண்டியதில்லை. பிரிட்டனில் 1938-இல் ஏர் கமடோர் சேமியர் தொடங்கிய விமானப் பாதுகாப்பு கேடட் படைதான் 1941 பிப்ரவரி 5 அன்று ஏர் டிரெயினிங் கோர் ஆனது. அமெரிக்காவின் சிவில் ஏர் பேட்ரோல் 1941 டிசம்பர் 1 அன்று பிறந்தது, அடுத்த ஆண்டே கேடட்டுகள் வந்தார்கள். போர்க்காலத் தேவைகளுக்காகத்தான் இவை உருவாயின. இன்று அப்படியில்லை. பிரிட்டனிலோ கனடாவிலோ கேடட்டாக இருந்தவர் படையில் சேர வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. இந்தியாவில் தேசிய மாணவர் படைக்கும் அதுவே பொருந்தும். அங்கே விமானப் பிரிவு 1950-இல்தான் தொடங்கியது. விருப்பம் உள்ளவர்களுக்கு வழி உண்டு. இந்திய விமானப்படையில், தேசிய மாணவர் படை விமானப் பிரிவின் உயர்நிலைச் சான்றிதழான 'சி' சான்றிதழ் பெற்றவர்களுக்கென்று தனி நுழைவு இருக்கிறது. விருப்பம் இல்லாத பிள்ளையை அதைக் காட்டி இழுக்கக் கூடாது என்பது என் கருத்து. சீருடை அணிவதன் பொருள் என்ன, ஆயுதப்படை என்றால் என்ன என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். பதினான்கு வயதுக்கு அது புரியும்.

இன்னொரு லாபமும் உண்டு, வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது தெரிவதில்லை. பதினாறு வயதுப் பிள்ளை பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் பொறுப்பாகிறது. கார்ப்பரல், சார்ஜன்ட், வாரண்ட் ஆபீசர் என்று படி ஏற ஏற அதிகாரம் கூடுகிறதோ இல்லையோ, கவலை கூடுகிறது. முகாமில் யாருக்குக் காய்ச்சல், யார் சாப்பிடவில்லை, யார் வீட்டை நினைத்து அழுகிறார்கள் என்று பார்ப்பது சார்ஜன்ட்டின் வேலை. மற்றவர்களை வரிசையில் அனுப்பிவிட்டுக் கடைசியாகச் சாப்பிடும் பழக்கம் அங்கேதான் வருகிறது. தன்னைவிட மூன்று வயது சிறியவனுக்குத் திசைகாட்டி பார்க்கச் சொல்லித்தரும்போதுதான் தனக்கே அது முழுதாகப் புரியவில்லை என்பது தெரியும். பெண் பிள்ளைகளுக்கு இந்தப் பொறுப்பு எளிதில் கிடைத்துவிடவில்லை. கனடாவில் 1975 வரை அவர்களால் அதிகாரபூர்வமாகச் சேரவே முடியவில்லை.

எல்லா இடமும் நன்றாக இருக்கிறது என்று சொல்லமாட்டேன். வெறும் அணிவகுப்பும், விழாவுக்கு வரவேற்பு மரியாதையும், ஆண்டுக் கடைசியில் தேர்வும் என்று ஓட்டுகிற பிரிவுகள் உண்டு. செக்லிஸ்ட், வரைபடம், வானிலை, ரேடியோ எதையும் தொடாமல் சான்றிதழ் மட்டும் தருவது அந்தப் பிள்ளையின் விடுமுறை நாட்களைத் திருடுவதுதான். மூத்த கேடட் இளையவனைக் கேவலமாகப் பேசுவதை 'பயிற்சி' என்று கண்டுகொள்ளாமல் விடுகிற இடத்தில் பிள்ளையை ஒரு நாள்கூட விடாதீர்கள். பயந்த பிள்ளை "ஸ்டாப்" சொல்லாது.

அதனால் சேர்ப்பதற்கு முன் ஒரு பயிற்சி வேளையை நேரில் போய்ப் பாருங்கள். தப்பு செய்த கேடட்டிடம் என்ன பேசுகிறார்கள் என்று கவனியுங்கள். 'ஏன் இப்படிச் செய்கிறோம்?' என்று ஒரு பிள்ளை கேட்டால் பதில் வருகிறதா, அதட்டல் வருகிறதா என்று பாருங்கள். கடந்த ஆண்டு எத்தனை பேர் பறந்தார்கள், பறக்க முடியாதபோது என்ன செய்தார்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். கனடாவிலும் அமெரிக்காவிலும் 12 வயதில் சேரலாம். இந்தியாவில் பள்ளிக்கு ஜூனியர் பிரிவும் கல்லூரிக்கு சீனியர் பிரிவும் இருக்கின்றன. பிள்ளை படிக்கும் இடத்திலேயே பிரிவு இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுத் தொடங்குங்கள். முதல் சில வாரங்களில் பிள்ளை 'பிடிக்கவில்லை' என்றால் காரணம் கேளுங்கள். டிரில் வெயில்தான் காரணம் என்றால் கொஞ்சம் பொறுக்கச் சொல்லலாம். வேறு காரணம் என்றால் உடனே வெளியே கூட்டி வந்துவிடுங்கள்.

வயது தாண்டிவிட்ட பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இந்த அமைப்புகளைத் தாங்கி நிற்பது சம்பளமில்லாமல் வரும் தன்னார்வலர்கள்தான். விமானம் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை. வானிலையோ, ரேடியோவோ, முதலுதவியோ சொல்லித்தரத் தெரிந்தால் போதும், கணக்கு எழுதத் தெரிந்தாலும் போதும். அருகில் அப்படி ஒரு பிரிவு இருந்தால் போய்க் கேட்டுப் பாருங்கள்.